தழும்பு எந்தப் புருவத்தில்

சுமதி, நீ இப்போது திருமுல்லைவாயில் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பாய். நான் கள்ளிக்குப்பத்து வீட்டில் சோற்றை வடித்துவைத்துவிட்டு இதை எழுதுகிறேன். பஸ் ஏறினால் போய்ச் சேருகிற தூரத்தில் இருக்கிற மகளுக்கு எதற்குக் கடிதம் என்று உங்கப்பா கேட்டார். நேரில் பேசினால் நான் கத்த ஆரம்பித்துவிடுவேன், அவள் வாயை மூடிக்கொண்டு எழுந்து போய்விடுவாள், நடுவில் நீங்கள்தான் யார் பக்கம் பேசுவது என்று தெரியாமல் முழித்துக்கொண்டு நிற்பீர்கள் என்றேன். சிரித்தார். அவர் சிரித்து எத்தனை நாளாயிற்று. வருகிற திங்கட்கிழமை நீ பெங்களூரில் வேலைக்குச் சேர வேண்டும். ஒரு தடவை தள்ளிப் போட்டாகிவிட்டது. மறுபடியும் தள்ளிப் போடச் சொல்லிக் கேட்கப்போகிறாய் என்பது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. இந்தத் தடவை போகாவிட்டால் அந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்களாம். நீ போக வேண்டும். அதைச் சொல்லத்தான் இவ்வளவும். வெறுமனே ‘போ’ என்று சொன்னால் போகிற பெண்ணா நீ? என் வயிற்றில் பிறந்தவள்தானே. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் என் வாயால் நீ முழுதாகக் கேட்டதில்லை.

உன் அண்ணன் பாஸ்கர் டிப்ளமோ முடித்த கையோடு அம்பத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்தான். படித்து முடித்து வேலைக்குப் போவான், ஆவடி குவார்ட்டர்ஸில் எல்லார் வீட்டுப் பிள்ளைகளையும் போல அப்பாவின் தொழிற்சாலைக்கே மனுப் போடுவான் என்று நான் காத்திருந்தேன். அவன் என்னடாவென்றால், “அம்மா, ஸ்டேஷன் பக்கத்துல போட்டோ கடை வைக்கலாம். நான் படம் எடுக்கிறேன், நீ கம்ப்யூட்டர்ல உக்காந்து சரி பண்ணிக் குடு” என்று வந்து நின்றான். எனக்கும் கம்ப்யூட்டருக்கும் என்னடா சம்பந்தம் என்றேன். டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணினவள்தானே நீ, அது போதும் என்றான். வெளியே கிடைத்த படம் திருத்தும் புரோகிராம் எதுவும் நம்மிடம் இருந்த பழைய மெஷினில் ஓடவில்லை. நானே எழுதுகிறேன் என்று உட்கார்ந்தான். சாப்பிடக் கூப்பிட்டால் வர மாட்டான். ஒரு நாள் எழுதி முடித்தேன் என்று சொல்லி, நமக்கு இடத்தை வாடகைக்கு விட்ட கடை ஓனரின் அறுபதாம் கல்யாணப் படத்தை முதல் படமாகப் போட்டுக் கொடுத்தான். அந்த மனிதர் படத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “இன்னா தம்பி, என் பொண்டாட்டி நெத்தில இங்க் ஊத்தி வச்சிகீறே?” என்று கேட்டார். குங்குமம் நீலமாக இருந்தது. சிவப்பும் நீலமும் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றையொன்று மாற்றிப் போட்டுவிட்டானாம். நீ அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தாய். தரையில் உருண்டு உருண்டு சிரித்தாய். அதற்கப்புறம் வீட்டில் யார் எதைத் தப்பாகச் செய்தாலும் “நீலக் குங்குமம்” என்றுதான் சொல்லிக்கொண்டோம்.

அந்தப் புரோகிராமை அவன் எனக்காகவே எழுதினான் என்பதுதான் எனக்குப் பெருமை. கீறலை அழிக்க ஒரு கீ, முகத்தை வெளுப்பாக்க ஒரு கீ, ஓரத்தை வெட்ட ஒரு கீ. எந்தக் கீ எதற்கு என்று எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். வேலை முடிந்து படத்தைப் பத்திரப்படுத்தும் கீயை அழுத்தினால் ஒரு சின்னச் சத்தம் வரும், திரையின் அடியில் ஆங்கில எழுத்தில் ‘சரிம்மா’ என்று வரும். வேறு எந்தப் புரோகிராமாவது அப்படிச் சொல்லுமா? கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் படம் கொடுக்கிறவர்கள் வருவார்கள். “கொஞ்சம் கலர் ஏத்திக் குடும்மா, பொண்ணு வெயில்ல அலைஞ்சி கருத்துப்பூட்ச்சி” என்பார்கள். செத்துப்போனவர்களின் பழைய குரூப் போட்டோவைக் கொண்டுவந்து, இந்தத் தலையை மட்டும் தனியாக எடுத்து மாலை போடுகிற மாதிரிச் செய்து கொடு என்பார்கள். நான் எல்லார் முகத்தையும் சரி செய்தேன். அம்மைத் தழும்பை எடுத்தேன். மாறுகண்ணை நேராக்கினேன். வாங்கிப் போகிறவர்கள் சந்தோஷமாகப் போனார்கள். அதனால் எனக்கு அது நல்ல காரியம் என்றே தோன்றிக்கொண்டிருந்தது.

பாஸ்கர் போனதைப் பற்றி அதிகம் எழுத எனக்குத் தெம்பில்லை. மஞ்சள் காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம். பத்தியம் இருந்தான். பரவாயில்லை என்றான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது டாக்டர் எங்கள் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவன் போன அடுத்த வருஷத்து மழையில் ஏரி நிறைந்து நம் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. பீரோவின் அடித்தட்டில் இருந்த ஆல்பமும், கட்டிலுக்குக் கீழே பெட்டியில் இருந்த நெகட்டிவும் ஒரே கட்டியாக ஒட்டிப்போயின. நீயும் அப்பாவும் ஒவ்வொரு படமாகப் பிரித்துப் பார்த்தீர்கள். படம் ஒரு பக்கமும் தாள் ஒரு பக்கமுமாக வந்தது. கருமாதிப் பத்திரிகையில் அவன் படம் அச்சடித்திருந்தோமே, சொந்தக்காரர் வீடுகளில் கேட்கலாம் என்று நீ சொன்னாய். சாவுப் பத்திரிகையை யார் வீட்டில் வைத்திருப்பார்கள்? படித்ததும் கிழித்துப் போட்டுவிட்டுத்தானே மறுவேலை. நல்லவேளை, கடைக்குள் தண்ணீர் போகவில்லை. பாஸ்போர்ட்டுக்கு மனுப் போடலாம் என்று எடுத்து, போடாமலே விட்ட படத்தை அவனே கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தான். பெரிய ஆள் ஆன பிறகு அவன் தனியாக எடுத்துக்கொண்ட ஒரே படம் அதுதான். ஊருக்கெல்லாம் படம் எடுத்தவனை யார் எடுத்தார்கள்?

அந்தப் படத்தைத்தான் பிரிண்ட் எடுத்துக் கூடத்தில் மாட்டியிருந்தோம். நம் பிரிண்டரின் மை வருஷம் தாங்காது. ஜன்னல் வெளிச்சமும் ஊதுபத்திப் புகையும் சேர்ந்து வெளிறிவிடும். அதனால் ஒவ்வொரு வருஷமும் திதிக்கு முன்னால் புதிதாக ஒன்று எடுத்து மாற்றுவேன். எடுப்பதற்கு முன்னால் கொஞ்சம் சரி செய்வேன். முதல் வருஷம் கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பை எடுத்தேன். அது நோயின் கருப்பு. அடுத்த வருஷம் கன்னத்தில் பருக் குழிகளை மூடினேன். பிறகு நிறத்தை ஏற்றினேன். புருவத்தில் இருந்த தழும்பை எடுத்தேன். போன வருஷம் உதட்டின் இரண்டு ஓரத்தையும் புள்ளி புள்ளியாகத் தூக்கி அவனைச் சிரிக்க வைத்தேன். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் செய்கிறேன், என் பிள்ளைக்குச் செய்யக்கூடாதா? பத்திரப்படுத்தும் கீயை அழுத்தினால் ‘சரிம்மா’ என்றது. கழற்றின பழைய பிரிண்டைக் குப்பையில் போட மனசு வராது, சாமி படத்தைப் போலத்தான் அதுவும். அம்பத்தூர் ஏரிக்கரைக்கு எடுத்துப் போய் ஒரு பூவோடு தண்ணீரில் விட்டுவிட்டு வருவேன்.

இதற்கு நடுவில்தான் நீ காலேஜில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்து அவன் புரோகிராமைத் திறந்து பார்த்தாய். பெரிய படம் போட்டால் மெஷின் நின்றுபோகிறது என்று நான்தான் புலம்பியிருந்தேன். நீ பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தாய். எல்லாம் ஒரே ஃபைலில் நீளமாகக் கிடக்கிறது, ஒரே வேலையை ஏழெட்டு இடத்தில் திரும்பத் திரும்ப எழுதி வைத்திருக்கிறான், ஒன்றைத் தொட்டால் இன்னொன்று உடைகிறது என்றாய். பெயர்களைப் பார் என்று காட்டினாய். எண்களை வைத்துக்கொள்கிற இடத்துக்கெல்லாம் ரசம், தயிர், வெங்காயம் என்று பெயர் வைத்திருந்தான். அவனுக்குச் சாப்பாட்டு நேரம் தவறினதன் அடையாளம். நீயும் நானும் சிரித்து, சிரித்த வாக்கிலேயே அழுதோம். “வெளியில எதுவும் மாறாதும்மா. உள்ள இருக்கிறத மட்டும் பிரிச்சு ஒழுங்கா அடுக்கறேன்” என்றாய். எனக்குச் சுருக்கென்றது. அவன் என்ன குப்பையா வைத்துவிட்டுப் போனான், நீ வந்து அள்ளுவதற்கு என்று கேட்டேன். நீ மாதக்கணக்கில் உட்கார்ந்தாய். ஒரு துண்டை எடுத்து இடம் மாற்றுவாய், வாடிக்கையாளர் படங்கள் சிலவற்றைப் பழைய புரோகிராமிலும் உன்னுடையதிலும் ஓட்டிப் பார்ப்பாய், இரண்டும் ஒரு புள்ளிகூட வித்தியாசம் இல்லாமல் வந்தால்தான் அடுத்த துண்டைத் தொடுவாய். இவ்வளவு பொறுமை உனக்கு எங்கிருந்து வந்தது என்று உங்கப்பாவிடம் கேட்டேன், “உன் கிட்ட இருந்து வரலை” என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

எல்லாம் முடித்து நீ அதைக் கடை மெஷினில் போட்ட அன்று காலையில் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். ஒரு படத்தை முடித்துவிட்டுப் பத்திரப்படுத்தும் கீயை அழுத்தினேன். சத்தம் வரவில்லை. ‘சரிம்மா’ வரவில்லை. புதுப் பெயர் என்ன என்று கேட்டது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து டீக்கடையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நீ ஓடி வந்து விளக்கினாய். “அண்ணன் எழுதினதுல, திருத்தின படம் பழைய படத்து மேலயே போய் உக்காந்துக்கும்மா. ஒரிஜினல் போயிடும். அப்ப டிஸ்க்ல இடமே கிடையாது, அவன் செஞ்சது அப்ப சரி. இப்ப இடம் இருக்கு. அதான் வேற பேர்ல வைக்கச் சொல்றேன். தப்பாப் போனா பழசுக்குத் திரும்பிப் போறதுக்கும் ஒரு கீ வச்சிருக்கேன்.” நான் எதையும் காதில் வாங்கவில்லை. அந்த வரி எங்கேடி, அவன் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்த வரி எங்கே என்று கேட்டேன். மறந்துபோச்சு, சாயங்காலத்துக்குள்ளே போட்டுவிடுகிறேன் என்றாய். “நீ ஒண்ணும் போட வேணாம். அவன் எழுதினதுல கை வைக்க உனக்கு என்ன தகுதி இருக்கு?” என்று கேட்டேன். கடையில் ஆட்கள் இருக்கும்போதே கேட்டேன். நீ முகம் கறுத்து நின்றாய். அப்புறம் உட்கார்ந்து உன்னுடையதை எடுத்துவிட்டு அவனுடையதையே திரும்பப் போட்டுக் கொடுத்தாய். உன் உழைப்பு ஒரு மூலையில் வேறு பெயரில் தூங்கியது. அந்த வரியை அன்று சாயங்காலமே நீ சேர்த்துவைத்தாய் என்பது உங்கப்பா சொல்லி எனக்கு இந்த மாதம்தான் தெரியும்.

முத்தாபுதுப்பேட்டைப் பையன் டில்லி வந்த நாளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நாம் ஆவடி குவார்ட்டர்ஸில் குடியிருந்த நாளிலிருந்து பாஸ்கருக்கு உயிர் சிநேகிதன். துபாய்க்குப் போனவன் பாஸ்கர் சாவுக்கு வர முடியாமல் இத்தனை வருஷம் கழித்து இந்த ஆடியில் வந்தான். ஒரு முழ மாலையும் பேரீச்சம்பழமுமாக வாசலில் நின்றான். உள்ளே வந்து மாலையைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். “எங்கம்மா கீது நம்ம பாஸ்கர் படம்?” என்றான். எதிரேதானேடா இருக்கிறது என்றேன். கிட்டே போய்ப் பார்த்தான். திரும்பி என்னைப் பார்த்தான். “இது யாரும்மா? உங்க தம்பியா?” என்று கேட்டான். எனக்கு வந்ததே கோபம். துபாய் வெயிலில் கண் அவிந்துபோய்விட்டதா, கூடத் திரிந்தவன் முகம்கூடத் தெரியாதா என்று கத்தினேன். அவன் பயந்துபோய், “இல்லம்மா, நான் வெளியூர்லயே கெடந்துகினு மறந்துட்டேன் போல” என்று மாலையைப் போட்டான். போட்டுவிட்டு ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதான். அந்தப் படத்தைப் பார்த்து அவன் அழவில்லை, தரையைப் பார்த்து அழுதான். அதை நீயும் கவனித்தாய். நீ செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனாய். நானும் பின்னாலேயே வந்தேன். நீ அந்தப் படத்தைத் திறந்து பெரிதாக்கிக்கொண்டே போனாய். பருக்குழி இல்லை. தழும்பு இல்லை. கன்னம் மெழுகு பூசின மாதிரி இருந்தது. எந்த மூலையிலும் பழைய படம் இல்லை. கல்யாண மாப்பிள்ளை வேஷத்தில் யாரோ ஒரு பையன் நம்மைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

நீ என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “நான்தாம்மா காரணம். மேல எழுதிடும்னு தெரிஞ்சேதான் பழசைப் போட்டுக் குடுத்தேன்” என்றாய். ஃப்ளாப்பியில் புரோகிராமைத்தான் எடுத்து வைத்தேன், படங்களை எடுத்து வைக்கவில்லை என்றாய். சோதனைக்கென்று நீ தனியாகச் சேர்த்து வைத்திருந்த படங்களில் தேடினோம். யார் யாரோ இருந்தார்கள். கடை ஓனரின் பெண்டாட்டிகூட இருந்தாள். அவன் இல்லை. “அண்ணன் முகத்தை வச்சு டெஸ்ட் பண்ண மனசு வரலைம்மா” என்றாய். அதைச் சொல்லும்போதுதான் நீ உடைந்தாய். அன்றிலிருந்து அந்த நாற்காலியை விட்டு நீ எழுந்திருக்கவே இல்லை. அவன் முகத்தை மறுபடியும் வரைந்துவிடுவேன் என்று உட்கார்ந்தாய். கம்ப்யூட்டர் சென்டரில் எடுத்த குரூப் போட்டோவைத் தேடி அம்பத்தூர் முழுக்க அலைந்தாய். சென்டரே இல்லை, அந்த இடத்தில் செருப்புக் கடை இருக்கிறது என்று வந்து சொன்னாய்.

ஒரு நாள் சாப்பிடும்போது தழும்பு எந்தப் புருவத்தில் என்று கேட்டாய். வலது என்றேன். உங்கப்பா இடது என்றார். நான் எப்போதும் எதிரே உட்கார்ந்துதான் அவனைப் பார்த்தேன், அதனால் எனக்குத்தான் சரியாகத் தெரியும் என்றேன். எதிரே இருந்தால் உன் வலது அவனுக்கு இடதாகுமே என்றாய். யோசித்துப் பார்த்தேன். அவனை மடியில் போட்டுத் தலைவாரியதை நினைத்துப் பார்த்தேன், காய்ச்சலில் நெற்றிக்கு ஈரத்துணி போட்டதை நினைத்துப் பார்த்தேன். துணி ஞாபகம் வந்தது, சூடு ஞாபகம் வந்தது, புருவம் வரவில்லை. டில்லி போட்ட பந்தில்தானே அடிபட்டது, அவனைக் கேட்போம் என்று மறுநாள் வரச் சொல்லிக் கேட்டோம். பாவம் அவன், “ரத்தம்தாம்மா கண்ல நிக்குது. எந்தப் பக்கம்னு எனக்கே தெரியல” என்றான். முதல் நாள் சோற்றில் கை வைத்தபடி நாம் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோமே, அந்த மத்தியானத்தை நான் சாகிறவரைக்கும் மறக்க முடியாது. பெற்றவளுக்கே தெரியாததைக் கம்ப்யூட்டருக்குள் நீ எங்கே போய்த் தேடுவாய்?

இப்போது நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன், குறுக்கே பேசாமல் கேள். அவன் முகம் போனது உன்னால் இல்லை. அவனாலும் இல்லை. அந்தப் படத்தில் கை வைத்தது நான். நீ பழைய புரோகிராமைத் திரும்பப் போட்டது உன் அம்மாவின் வாய்க்குப் பயந்து. அதை நீ போட்டிராவிட்டாலும் நான் வேறு யாரையாவது கூப்பிட்டுப் போட வைத்திருப்பேன், என்னை எனக்குத் தெரியாதா? நீ வரைந்து காட்டுகிற முகங்களையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஒன்றில் உன் மூக்கு வந்திருக்கிறது, ஒன்றில் உங்கப்பாவின் தாடை வந்திருக்கிறது. கெட்டிக்காரத்தனமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது அவன் இல்லை. ஏதாவது ஒரு நாள் நான் மனசு இளகி, ஆமாம், இதுதான் என் பிள்ளை என்று சொல்லிவிடுவேன். நீயும் நம்பிவிடுவாய். மறுபடியும் ஒரு யாரோ பையனுக்கு மாலை போட்டுக்கொண்டிருப்போம். வேண்டாம். நேற்று கூடத்துப் படத்தைச் சட்டத்தோடு கழற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டேன். இனிமேல் திதிக்கு விளக்கு மட்டும் ஏற்றுகிறேன்.

நேற்று நீ அம்பத்தூருக்குப் போயிருந்தபோது கடையில் ஒரு காரியம் செய்தேன். மூலையில் தூங்கிக்கொண்டிருந்த உன் புரோகிராமை நானே எழுப்பினேன். நீ சொல்லிக் கொடுத்தது எனக்கு நினைவிருந்தது. ஒரு அம்மாள் புருஷன் படத்தைக் கொண்டுவந்திருந்தாள். பல் துருத்திக்கொண்டிருக்கும், அதைக் கொஞ்சம் உள்ளே தள்ளிக் கொடு என்றாள். தள்ளினேன். லட்சணமாகத்தான் வந்தது. அப்புறம் நீ வைத்த அந்தக் கீயை அழுத்தினேன். பல் பழையபடி வெளியே வந்தது. இன்னொரு தடவை தள்ளினேன், இன்னொரு தடவை அழுத்தினேன். அந்த மனிதர் ஒவ்வொரு தடவையும் பல்லும் முகமுமாகத் திரும்பி வந்துகொண்டே இருந்தார். பெரிய படம்தான், மெஷின் ஒரு தடவைகூட நிற்கவில்லை. என்னால் தாங்க முடியவில்லை, அழுதுவிட்டேன். அந்த அம்மாள் பதறிப்போய், “இன்னாம்மா இது, எங்க ஊட்டுக்காரரப் பாத்து நீ அழுவுறே?” என்றாள். பல்லோடயே இருக்கட்டும்மா என்றேன். திரைக்குக் கிட்டே குனிந்து பார்த்தாள். “அதுவும் சர்தான். பல்லு இல்லாங்காட்டி அது மூஞ்சியா கீது?” என்று சொல்லி அப்படியே வாங்கிப் போனாள். நீ எழுதினது நல்ல புரோகிராம், சுமதி. உன் அண்ணன் செய்ததைவிட நல்லது. இதை அன்றைக்கே, அந்த டீக்கடைக்காரர்கள் கேட்கும்படி நான் சொல்லியிருக்க வேண்டும். நீ ஊரை விட்டுப் போகிறபோது காகிதத்தில் சொல்கிறேன். அவன் இருந்திருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பான், கொஞ்சம் கேலியும் சேர்த்து.

பெங்களூரில் உன்னைப் பழைய புரோகிராம் ஒன்றைப் பிரித்து அடுக்கத்தான் எடுத்திருக்கிறார்கள் என்று உங்கப்பா சொன்னார். எழுதினவன் யாரோ, எங்கே இருக்கிறானோ. அவன் அறிவில்லாமல் எழுதினான் என்று எடுத்தவுடனே நினைக்காதே, அவனுக்கு அப்போது இடம் இருந்ததோ இல்லையோ, யார் சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்களோ. அதற்காக மாற்றாமலும் விட்டுவிடாதே. பழையதை ஒரு பக்கம் எடுத்து வைத்துவிட்டு மாற்று. நாளைக்கு நீ எழுதினதையும் எவளாவது ஒருத்தி வந்து தலையில் கை வைத்துக்கொண்டு பிரிப்பாள். அவளிடம் உன் அம்மாவைப் போல நடந்துகொள்ளாதே. வேளைக்குச் சாப்பிடு. கண் மஞ்சளாக இருந்தால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டு உட்காராமல் உடனே டாக்டரிடம் போ. எங்களைப் பற்றிக் கவலைப்படாதே, அவரும் நானும் சண்டை போட்டுக்கொண்டு நன்றாகத்தான் இருப்போம். கடையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். உன் முகத்தை நான் இருபது வருஷத்துக்கும் மேலாகத் தினமும் பார்க்கிறேன். இதை எழுதும்போது கண்ணை மூடி நினைத்துப் பார்த்தேன். உன் குரல் வருகிறது, கோபம் வருகிறது, உன் தலையின் எண்ணெய் வாசனை வருகிறது, முகம் முழுசாக வர மாட்டேன் என்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. போய்ச் சேர்ந்ததும் அங்கே ஏதாவது ஒரு ஸ்டுடியோவில் உட்கார்ந்து ஒரு படம் எடுத்து அனுப்பு. பவுடர் போடாதே. கலர் ஏற்றச் சொல்லாதே. தூங்காத கண்ணாக இருந்தால் அப்படியே இருக்கட்டும், பரு இருந்தால் இருக்கட்டும். நான் அதில் கை வைக்க மாட்டேன்.